வங்கக் கடல் நாடுகளின் கூட்டமைப்பால் காவிரி டெல்டாவுக்கு நன்மையா, தீமையா?

வெட்டாற்றங்கரை (திருவாரூர் மாவட்டம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சம்பா அறுவடைக்குப் பின் நெல் தரிசில் உளுந்து போடுகிற விவசாயி நான். பங்குனி பிறந்து உளுந்து விலை இறங்கத் தொடங்கினால், எங்கள் உழவர் உற்பத்தியாளர் குழுவில் பர்மா உளுந்தைப் பற்றிய பேச்சு எழுவது வழக்கம். இப்போது அந்தப் பேச்சோடு, வங்கக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் கூட்டமைப்பான ‘பிம்ஸ்டெக்’ என்ற பெயரும் சேர்ந்துகொண்டிருக்கிறது. இந்தியாவும் மியான்மரும் அந்தக் கூட்டமைப்பில் இருப்பதால்தான் உளுந்து வரியில்லாமல் வந்து இறங்குகிறது, அதன் தடையற்ற வணிக ஒப்பந்தம் கையெழுத்தானால் தாய்லாந்து அரிசியும் பின்னாலேயே வரும் என்று ஒரு சாரார் அஞ்சுகிறார்கள். மற்றொரு சாராரோ, 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கடல்வழிப் போக்குவரத்து ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, இனி நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் கப்பல்கள் வரிசைகட்டி நிற்கும் என்கிறார்கள்.

இரண்டு பேச்சையும் கேட்டுவிட்டு எதை நம்புவது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். ஒரே கடலைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகள் கூடி வணிகம் செய்வது நல்லதுதானே என்று பொதுவாகத் தோன்றுகிறது. ஆனால் இவ்வளவு ஆண்டுகளில் அந்தக் கூட்டமைப்பு நடைமுறையில் எதைச் செய்திருக்கிறது, டெல்டாவில் இருப்பவர்கள் அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் குழுவில் எடுத்துச் சொல்வேன். இராசேந்திர சோழனின் கடற்படை பற்றிப் பாடப்புத்தகத்திலேயே படித்துவிட்டோம். இன்றைய நிலவரத்தைச் சொல்லுங்கள்.

அரசலாறு (காரைக்கால்) எழுதியது:

கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இந்தக் கூட்டமைப்பை 1997 ஜூன் 6 அன்று பாங்காக்கில் வங்கதேசம், இந்தியா, இலங்கை, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகள் தொடங்கின. அவ்வாண்டு டிசம்பரில் மியான்மர் சேர்ந்தது. கடற்கரையே இல்லாத நேபாளமும் பூட்டானும் 2004-இல் வந்தன. ஏழு நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 170 கோடி மக்கள் வாழ்கிறார்கள். இருந்தும், இந்நாடுகள் தங்களுக்குள் நடத்தும் வணிகம் அவற்றின் மொத்த வெளிநாட்டு வணிகத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. பக்கத்திலேயே இருக்கும் ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) நாடுகளிடையே அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

ஏன் இப்படி என்று கேட்டால், வேகத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தலைவர்கள் கூடும் உச்சி மாநாடு 2004, 2008, 2014, 2018, 2022, 2025 ஆகிய ஆண்டுகளில் மட்டுமே நடந்திருக்கிறது. நிரந்தரச் செயலகம் டாக்காவில் திறக்கப்பட்டது 2014-இல்தான். அமைப்புக்கென்று ஒரு சாசனம் 2022 மார்ச்சில் கொழும்பு மாநாட்டில் கையெழுத்தாகி, 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பிறந்து 27 ஆண்டுகள் கழித்துச் சாசனம் பெற்ற அமைப்பு, உங்கள் வயலில் விளையும் உளுந்தின் விலையைத் தீர்மானிக்கிறது என்று சொன்னால் அதற்கு வராத பெருமையைக் கொடுக்கிறோம் என்றுதான் பொருள்.

தடையற்ற வணிக ஒப்பந்தத்துக்கு வருவோம். அதற்கான அடிப்படை ஒப்பந்தம் 2004 பிப்ரவரியில் கையெழுத்தானது. அதன்பின் எந்தப் பொருளுக்கு வரியைக் குறைப்பது, எதைக் குறைக்காமல் விலக்கி வைப்பது, ஒரு பொருள் எந்த நாட்டில் விளைந்தது என்பதை எப்படி உறுதி செய்வது என்று இருபது சுற்றுகளுக்கு மேல் பேசியும் முடிவு காணவில்லை. இந்தியாவுக்கோ தாய்லாந்துக்கோ அதில் அவசரமும் இல்லை. காரணம் எளிது. தாய்லாந்தோடும் மியான்மரோடும் இந்தியாவுக்கு ஆசியான் வழியாக 2010 முதல் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. இலங்கையோடு 1998-இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இருநாட்டு ஒப்பந்தம் இருக்கிறது. வங்கதேசம், நேபாளம், பூட்டான் ஆகியவற்றுக்குத் தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தம் இருக்கிறது. இவ்வளவும் இருக்கும்போது, இன்னோர் ஒப்பந்தத்தால் புதிதாகக் கிடைக்கப்போவது சொற்பம் என்பது பேச்சுவார்த்தையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளுக்கு நன்றாகவே தெரியும்.

தாய்லாந்து அரிசி பற்றிய அச்சம் எனக்குச் சற்றும் புரியவில்லை. உலகிலேயே மிக அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. நம் நெல்லுக்குப் பக்கத்து நாடுகளில் சந்தை இருக்கிறதா, அந்தச் சந்தையை நம் அரசே அடைத்துவிடுமா என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. 2024 செப்டம்பர் இறுதியில்தான் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் நேபாளத்துக்கு 95,000 டன் என்பது போல நாட்டுக்கு நாடு தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாக ஒதுக்கீடு பெற்றார்கள். ஒரு கூட்டமைப்பு உண்மையிலேயே உயிரோடு இருந்தால், பஞ்சக் காலத்தில் உறுப்பு நாடுகளுக்கு இவ்வளவு அரிசி நிச்சயம் என்ற உறுதிமொழி அதற்குள் இருந்திருக்க வேண்டும். நம் மாவட்டங்களின் நெல்லில் பெரும்பகுதி நேரடி கொள்முதல் நிலையத்துக்கே போவதால், இந்தத் தடையின் வலி நம் விவசாயிக்கு உடனே தெரியவில்லை; ஆலைக்காரர்களுக்குத் தெரிந்தது.

என் கருத்து இதுதான்: வங்கக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளிடையே சுங்க வரியை விடப் பெரிய தடைகள் துறைமுக வசதியிலும், ஆவண நடைமுறையிலும், பணம் கைமாறும் வழியிலும் இருக்கின்றன. அவற்றைத் தீர்க்கும் சிறு உடன்பாடுகள் பெரிய ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

கீழவீதி (கும்பகோணம், தானிய வணிகம்) எழுதியது:

பேராசிரியர் ஐயா அமைப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார். உளுந்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் என் கடையில் இரண்டு உளுந்தும் இருக்கின்றன.

பர்மா உளுந்துக்கும் பிம்ஸ்டெக்குக்கும் தொடர்பு இல்லை. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு உளுந்து இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்து, ஆண்டுக்கு இவ்வளவு என்று அளவு நிர்ணயித்தது. 2021 மே மாதம் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அதற்கு அடுத்த மாதமே, ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் ஐந்தாண்டுகளுக்கு மியான்மரிலிருந்து வாங்குவதாக இரு நாடுகளும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. இது டெல்லிக்கும் மியான்மர் தலைநகரான நேபிடோவுக்கும் நேரடியாக நடந்த பேச்சு. வேடிக்கை என்னவென்றால், பிம்ஸ்டெக்கில் ஒவ்வொரு நாடும் ஒரு துறையைத் தலைமையேற்று நடத்த வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தபோது, வேளாண்மையும் உணவுப் பாதுகாப்பும் மியான்மர் பங்குக்குத்தான் வந்தன. அப்படியிருந்தும் நம் தட்டுக்கு வரும் உளுந்து அந்த வழியாக வரவில்லை.

குழுவில் எடுத்துச் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. மியான்மரின் உளுந்து பெரும்பாலும் ஐராவதி ஆற்றின் டெல்டாவிலும் பகோ பகுதியிலும் விளைகிறது. அங்கேயும் மழைக்கால நெல்லை அறுத்துவிட்டு, வயலில் மிச்சமிருக்கும் ஈரத்தில்தான் உளுந்து போடுகிறார்கள். நாம் தையில் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு நிற்கிற நெல்லுக்குள் விதையைத் தெளித்து, பனி ஈரத்தில் முளைக்க விடுகிறோமே, ஏறக்குறைய அதே கணக்குத்தான். அறுவடையும் கிட்டத்தட்ட ஒரே பருவத்தில் முடிகிறது. இங்கே பங்குனி, சித்திரையில் மூட்டை களத்தை விட்டுக் கிளம்பும்போது, யாங்கூனில் ஏற்றிய சரக்கும் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. மியான்மர் மக்கள் உளுந்தை அதிகம் உண்பதில்லை. அவர்கள் பயிரிடுவதே நமக்காகத்தான். அதனால் இங்கே கட்டுப்பாடு விதித்த ஆண்டில் அங்கே விலை சரிந்தது. கட்டுப்பாட்டை எடுத்த ஆண்டுகளில் இங்கே முணுமுணுப்பு. நடுவில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு காலத்திலும் வணிகம் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தரத்தைப் பொறுத்தவரை, சென்னைச் சந்தையில் பர்மா உளுந்தை எஃப்.ஏ.க்யூ. (சராசரித் தரம்) என்றும் எஸ்.க்யூ. (சிறப்புத் தரம்) என்றும் இரண்டாகப் பிரித்து விலை பேசுவார்கள். எஸ்.க்யூ. என்பது பெரிய மணி, விலை கூடுதல். நம் டெல்டா உளுந்து மணி சிறியது. ஆனால் உணவகக்காரர்கள் கடைக்கு வந்தால் முதலில் கேட்பது மாவு காணுமா என்பதைத்தான். புதிய நாட்டு உளுந்துக்கு அந்தக் கேள்வியில் இன்றும் நல்ல பெயர் இருக்கிறது. கப்பலில் வந்து கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த பழைய சரக்குக்கு அது கிடைக்காது. ஆனாலும் விலையைத் தீர்மானிப்பது கிடங்கில் இருக்கும் அளவுதான்; மாவு காண்பது அதற்குப் பிறகுதான்.

பணம் கைமாறும் வழியைப் பற்றிப் பேராசிரியர் குறிப்பிட்டார். அது மிகவும் சரி. 2021 பிப்ரவரியில் மியான்மரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, ஏற்றுமதியாளர்கள் ஈட்டும் டாலரின் ஒரு பகுதியை அரசு சொல்லும் விலைக்கு மாற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. அந்த இழப்பை ஈடுகட்ட அவர்கள் விலையை ஏற்றுவதும், சரக்கைத் தேக்கி வைப்பதும் நடந்தன. 2024 தொடக்கத்தில் ரூபாய்க்கும் மியான்மர் நாணயமான கியாட்டுக்கும் இடையே நேரடியாகக் கணக்கு முடிக்க வழி செய்தார்கள். அண்டை நாடுகளின் ஒத்துழைப்பு என்றால் நான் எதிர்பார்ப்பது இந்த மாதிரியான வேலையைத்தான். மாநாட்டுப் புகைப்படத்தில் இது வராது.

இன்னொன்று: உளுந்து குறைவதற்கு இறக்குமதி மட்டும் காரணமில்லை. முன்பு அரிவாளால் அறுத்தபோது, முளைத்து வந்த உளுந்தங்கன்று தப்பியது. இப்போது அறுவடை இயந்திரத்தின் சங்கிலி ஏறி நசுக்கிவிடுகிறது. பழியை முழுதும் யாங்கூன் கப்பலின் மேல் போட முடியாது.

கடுவையாறு (நாகப்பட்டினம்) எழுதியது:

மேலே எழுதிய இருவரும் நிலத்திலிருந்து பேசுகிறார்கள். கடலைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகள் என்று தலைப்பு வைத்துவிட்டு மீனைப் பற்றி ஒரு வரிகூட வராதது, அந்தக் கூட்டமைப்பைப் போலவே இருக்கிறது. விசைப்படகு வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வங்கதேசத்தில் நெடுங்காலமாக மே 20 முதல் ஜூலை 23 வரை 65 நாள் தடை இருந்தது. தாங்கள் வலையை மடித்து வைத்திருக்கும் நேரத்தில் இந்தியப் படகுகள் வந்து வாரிக்கொண்டு போகின்றன என்று அந்நாட்டு மீனவர்கள் பல ஆண்டுகள் குறைபட்டுக்கொண்டார்கள். 2025-இல் வங்கதேச அரசு தன் தடைக்காலத்தை ஏப்ரல் 15 முதல் ஜூன் 11 வரை 58 நாளாக மாற்றி, ஏறக்குறைய நம் நாட்களோடு பொருத்திக்கொண்டது. மீனுக்கு நாட்டெல்லை கிடையாது என்பதால், இருபுறமும் ஒரே நேரத்தில் ஓய்வு கொடுத்தால்தான் இனப்பெருக்கத்துக்குப் பயன். எந்த உச்சி மாநாட்டுத் தீர்மானமும் இல்லாமல், ஓர் அரசு தன் மீனவர் சொன்னதைக் கேட்டு நாட்காட்டியைத் திருத்தியதால் நடந்தது இது. மீன்வளத்துக்கென்று சென்னையில் அலுவலகம் வைத்திருக்கும் வங்காள விரிகுடாத் திட்டம் என்ற தனி அமைப்பு உண்டு. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு ஆகியவை அதில் இருக்கின்றன. மியான்மரும் தாய்லாந்தும் அதில் உறுப்பினர் இல்லை. ஒரே கடலுக்கு இப்படி இரண்டு மூன்று மேசைகள், ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் குறைவு.

பாக் நீரிணையைப் பற்றி எழுதினால் நூறு பதிவு வேண்டும். இலங்கை 2017-இல் இழுவலையைச் சட்டப்படி தடை செய்தது. அதே ஆண்டு நம் பக்கம் இழுவலைப் படகுகளை ஆழ்கடல் தூண்டில் படகுகளாக மாற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டது. எண்ணிய வேகத்தில் அது நடக்கவில்லை. இலங்கையின் வடக்கு மாகாணத்து மீனவர்களும் நம்மவர்களே; நம் இழுவலைப் படகுகளால் அவர்களின் வலை அறுபட்டால் அவர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்பதை நாகைக்காரனான நானே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தச் சிக்கலை ஏழு நாட்டு மேசையில் வைத்தால் மேலும் சிக்கலாகும். இரு நாட்டு மீனவர்களும் நேரில் உட்கார்ந்து பேசுவதே வழி என்று நான் நினைக்கிறேன்.

இப்போது துறைமுகம். 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழை நெருங்கியதால் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. அதுவும் மழைக்காலத்தில் நின்று மறு ஆண்டு மீண்டும் கிளம்பியது. ஏறத்தாழ 60 கடல் மைல். நான்கு மணி நேரப் பயணம். இங்கே பெரிய கப்பல்கள் வராததற்குக் காரணம் தெரிந்ததுதான். நாகைத் துறைமுகம் கடுவையாற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. கரையோர நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும்; தூர்வாரினாலும் ஒரு பருவத்தில் மேடிட்டுவிடும். அந்தக் காலத்தில் பினாங்குக்குப் போன ‘ரஜூலா’ கப்பலும் கடலில் தள்ளி நின்றுதான் ஆளையும் சரக்கையும் படகில் ஏற்றிக்கொண்டது. ஆழமான துறைமுகம் வேண்டுமென்றால் அது காரைக்கால் வாஞ்சூரில் இருக்கிறது; அங்கே முக்கியமாக வந்து இறங்குவது நிலக்கரி.

பாங்காக் ஒப்பந்தத்தால் நாகையில் பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல் வந்து நிற்காது. பெட்டகங்கள் கொழும்புக்கே போகும். அங்கே கப்பல் மாற்றி ஏற்றப்படும் சரக்கில் பெரும்பகுதி இந்தியாவுக்கு வருவதும் இங்கிருந்து போவதும்தான். ஆனால் சிறு கப்பலுக்கு வழி இருக்கிறது. இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையே 2015-இல் கரையோரக் கப்பல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு முன்பு சென்னையிலிருந்து சிட்டகாங்குக்குப் போக வேண்டிய சரக்கு கொழும்பையோ சிங்கப்பூரையோ சுற்றிப் போனது. ஆற்றிலும் கரையோரக் கடலிலும் ஓடக்கூடிய சிறு கப்பல்களை இரு நாடுகளும் உள்நாட்டுக் கப்பல் போலவே நடத்தும், துறைமுகக் கட்டணத்திலும் சலுகை தரும் என்பது அதன் சாரம். இந்த ஏற்பாடு இலங்கைக்கும் மியான்மருக்கும் நீண்டால்தான் நாகை, கடலூர் போன்ற சிறு துறைமுகங்களுக்கு வேலை கிடைக்கும். பாங்காக்கில் கையெழுத்தானது அந்த இடம் வரைக்கும் வருமா என்பது, ஒவ்வொரு நாடும் ஒப்புதல் அளித்து விதிகளை எழுதும்போதுதான் தெரியும்.

பேராசிரியரோடு நான் மாறுபடும் இடம் ஒன்று உண்டு. அமைப்பு மெதுவாக நகர்கிறது என்பதை அவர் பெருங்குறையாகச் சொல்கிறார். வங்கக் கடலில் மிக நன்றாக நடக்கும் ஒத்துழைப்பு வானிலை எச்சரிக்கைதான். அதுவும் மெதுவாகக் கட்டப்பட்டதுதான். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நிலம் நடுங்கி நாகையை அலை வந்து அடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சொல்வதற்கு ஆள் இல்லை. இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். 2007-இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பெயர் கொடுத்தது இலங்கை. 2008-இல் காரைக்கால் அருகே கரை கடந்த நிஷாவுக்கு வங்கதேசம். பெயரை யார் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். புயல்களுக்கான அந்தப் பெயர்ப் பட்டியலை வைத்திருக்கும் நாடுகள் புயலின் பாதையையும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன என்பதுதான் எனக்கு முக்கியம். கஜாவில் தென்னையெல்லாம் சாய்ந்தது, உயிர்ச்சேதம் மட்டும் மரங்களின் அழிவோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைந்தது.

வெட்டாற்றங்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐராவதி டெல்டாவிலும் இதே தரிசு உளுந்துதான் என்பது எனக்குப் புதிய செய்தி. குழுவின் சார்பில் மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுப்பதாக இருக்கிறோம். இறக்குமதியை முழுவதும் நிறுத்தக் கோருவது என்று வரைவு எழுதியிருந்தோம். இதையெல்லாம் படித்தபின் அதில் என்ன மாற்றலாம் என்று கீழவீதி அண்ணன் சொன்னால் நன்றாக இருக்கும்.

கீழவீதி எழுதியது:

முழுவதும் நிறுத்தக் கேட்டால் மனு மேசையைத் தாண்டாது. நாட்டின் உளுந்துத் தேவைக்கு உள்நாட்டு விளைச்சல் போதவில்லை என்று ஒரே வரியில் பதில் எழுதி அனுப்பிவிடுவார்கள். மியான்மருடனான ஐந்தாண்டு உடன்பாடு 2025-26 நிதியாண்டு வரைக்குமானது. அடுத்ததைப் பேசும்போது ஆண்டு மொத்த அளவோடு மாதவாரிக் கணக்கையும் எழுதச் சொல்லுங்கள்: பங்குனி தொடங்கி வைகாசி முடிய வரத்துக் குறைவாகவும், நம் கையிருப்பு தீரும் ஆடிக்குப் பின் கூடுதலாகவும் இருக்கட்டும். மியான்மர் விவசாயிக்கும் இதனால் இழப்பில்லை. அங்கே கிடங்கு வசதி உள்ள ஏற்றுமதியாளர்கள் எப்படியும் பல மாதம் சரக்கை வைத்திருந்துதான் விற்கிறார்கள்.

அதோடு, குறைந்தபட்ச ஆதரவு விலையில் கொள்முதல் செய்யும் நாட்களை நம் அறுவடையோடு பொருத்தச் சொல்லுங்கள். 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 7,800 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கொள்முதல் தொடங்குவதற்குள் பாதிப் பேர் களத்திலேயே விற்றுவிட்டால், அந்த விலை யாருக்கு? மனுவில் இந்த இரண்டும் இருந்தால் போதும். தாய்லாந்து அரிசியைப் பற்றிய பத்தியை எடுத்துவிடுங்கள்.